இரு நாணயங்கள், ஒரு சுரங்கம்: நெய்வேலியில் சோவியத், மேற்கு ஜெர்மானியத் தொழில்நுட்பக் கூட்டுறவு

ஆய்வுச்சுருக்கம்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் திட்டம் பனிப்போர்க் காலத்தில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த நாடுகளின் தொழில்நுட்பத்தைக் கொண்டு உருவானது. சுரங்கத்தின் அகழ்பொறிகள் மேற்கு ஜெர்மனியிலிருந்தும், அனல் மின்நிலையம் சோவியத் ஒன்றியத்திலிருந்தும் வந்தன. அரசியல் நட்பின் நெருக்கத்தைக் கொண்டே இத்தகைய கூட்டுறவை மதிப்பிடுவது ஆய்வுலகில் வழக்கமாக உள்ளது. இரு கூட்டாளிகளின் தொழில்நுட்பம் எந்த இடத்தில் பொருந்த வேண்டியிருந்தது, ஒவ்வொன்றிற்கும் எந்த நாணயத்தில் விலை கொடுக்கப்பட்டது, அவ்விணைப்பின் பொறுப்பு யாரிடம் இருந்தது ஆகிய வினாக்களே கூட்டுறவின் விளைவை விளக்கும் என்பதை நெய்வேலியின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, சோவியத் கடன், மேற்கு ஜெர்மனி, தொழில்நுட்பக் கூட்டுறவு, பனிப்போர், அனல் மின்நிலையம்.

முன்னுரை

1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நெய்வேலியில் சுரங்கப் பணியைப் பிரதமர் ஜவகர்லால் நேரு தொடங்கி வைத்தார். தோண்டப்போகும் நிலக்கரியை எரிப்பதற்கான மின்நிலையத்திற்கு அன்று ஒப்பந்தம்கூடக் கையெழுத்தாகியிருக்கவில்லை. அது அவ்வாண்டு நவம்பரில்தான் சோவியத் ஒன்றியத்துடன் ஏற்பட்டது. சுரங்கத்திற்கு வேண்டிய பெரும் அகழ்பொறிகளோ சோவியத் ஒன்றியத்திலிருந்து வரவில்லை, மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. திட்ட அறிக்கையை எழுதியது இலண்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் தொழில்நுட்பச் சேவை நிறுவனம். அதற்கான உதவி காமன்வெல்த் நாடுகளின் கொழும்புத் திட்டத்தின் வழி கிடைத்தது. தொடக்கக்கால ஆய்வுகளில் அமெரிக்கச் சுரங்க வல்லுநர்களின் ஆலோசனையும் இருந்தது. 1955இல் தாம் தாமாக எதிரெதிர்ப் படையணிகளாக அமைந்துவிட்ட நாடுகள், தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் ஒரே பொறியமைப்பின் வெவ்வேறு உறுப்புகளைச் செய்துகொடுத்தன.

அணிசேராக் கொள்கையின் வெற்றிக்குச் சான்றாக இதனைக் காட்டுவது எளிது. அவ்வாறு காட்டுவதில் உண்மையும் உண்டு. ஆனால் பல நாடுகளிடமிருந்து பொறிகளைப் பெறுவது வேறு, அவற்றை ஒன்றோடொன்று ஒத்திசைந்து இயங்கச் செய்வது வேறு. முதலாவதைப் பற்றி எழுதப்பட்ட அளவிற்கு இரண்டாவதைப் பற்றி எழுதப்படவில்லை.

1957இன் பொருளில் இவை உயர்தொழில்நுட்பமா என்னும் ஐயம் எழக்கூடும். இன்று அச்சொல் குறைக்கடத்தியையும் செயற்கை நுண்ணறிவையும் நினைவூட்டுகிறது. இந்தியாவில் கனரகக் கொதிகலனோ சுழலியோ செய்யும் ஆலை முழுமையாக எழும்பாத காலத்தில், தொடர்ந்து இயங்கும் அகழ்பொறியும் ஈரநிலக்கரியை எரிக்கும் கொதிகலனும் விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளே செய்யக்கூடியவையாக இருந்தன. விற்பவர் சிலராகவும் வாங்குபவர் பலராகவும் உள்ள பொறிக்கு அரசியல் விலை ஒட்டிக்கொள்ளும். அந்த அளவுகோலில் இவை உயர்தொழில்நுட்பமே.

எரிபொருளின் இயல்பும் தேவையின் நெருக்கடியும்

1934இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு இறக்கியபோது நீரோடு கருநிறத் துகள்கள் வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் கதை சொல்லப்படுவது வழக்கம். 1940களில் இந்திய நிலவியல் அளவைத் துறையின் துளையிடும் ஆய்வுகள் நடந்தன. எனினும் கண்டுபிடிப்பைத் திட்டமாக்கியது சென்னை மாநிலத்தின் எரிபொருள் வறுமையே. நல்ல நிலக்கரி வங்காளத்திலும் பீகாரிலும் இருந்தது. அது இரயிலிலும் கப்பலிலும் தெற்கே வந்து சேர வேண்டும். பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்கள் பருவமழையை நம்பியிருந்தன. மழை பொய்த்தால் ஆலைகளுக்கு மின்வெட்டு என்பதே மாநிலத்தின் நிலை. 1954இல் முதலமைச்சரான காமராசர் நடுவண் அரசிடம் இத்திட்டத்திற்காக இடைவிடாது வற்புறுத்தியதன் பின்னணி இதுவேயாகும். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நடுவண் அரசின் நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது.

பழுப்பு நிலக்கரியின் இயற்பியல் தன்மையை விளங்கிக்கொள்ளாமல் இத்திட்டத்தின் அரசியலை விளங்கிக்கொள்ள இயலாது. நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். வெப்ப மதிப்பு ஒரு கிலோவிற்குச் சுமார் 2600 கிலோ கலோரி மட்டுமே. இதனைத் தொலைவிற்கு எடுத்துச் செல்வது நீரைச் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும். வெளியில் குவித்து வைத்தால் உலர்ந்து பொடிந்து தானே தீப்பற்றும் இயல்பும் உண்டு. ஆகவே இது வெட்டிய இடத்திலேயே, வெட்டிய வேகத்திலேயே எரிக்கப்பட வேண்டிய எரிபொருள். கொதிகலனை அந்நிலக்கரியின் ஈரம், சாம்பல், வெப்ப மதிப்பு ஆகியவற்றை அறிந்தபின்தான் வடிவமைக்க முடியும். ஒரு சுரங்கத்திற்காகச் செய்த கொதிகலன் வேறொரு நிலக்கரியில் அதே திறனோடு இயங்காது. சுரங்கம் நின்றால் மின்நிலையம் நிற்கும். மின்நிலையம் நின்றால் சுரங்கத்தின் நிலக்கரிக்குப் போக்கிடம் இல்லை. வணிக ஒப்பந்தத்தில் இரண்டு பொருள்களாகத் தோன்றும் இவை பொறியியலில் ஒரே பொருள்.

இந்த ஒரே பொருளைத்தான் இரு முகாம்களுக்கிடையே பங்கிட வேண்டியதாயிற்று.

பங்கீடு எவ்வாறு நேர்ந்தது

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956இல் தொடங்கிய சில மாதங்களிலேயே இந்தியாவின் அயற்செலாவணி இருப்பு கரையத் தொடங்கியது. போர்க்காலத்தில் சேர்ந்த ஸ்டெர்லிங் இருப்பு இறக்குமதிகளால் உண்ணப்பட்டது. 1957இல் நெருக்கடி வெளிப்படையாயிற்று. உலக வங்கியின் தலைமையில் இந்திய உதவிக் கூட்டமைப்பு 1958 ஆகஸ்டில் கூடியது இந்நெருக்கடியின் விளைவாகும். மேலைநாடுகளுக்கு, குறிப்பாக அமெரிக்காவிற்கு, அரசுத்துறைத் தொழிலகங்களுக்குக் கடன் கொடுப்பதில் தயக்கம் இருந்தது. சில ஆண்டுகளுக்குப் பின்னர் பொகாரோ உருக்காலையின் பொருட்டு அத்தயக்கம் வெளிப்படையாகவே தெரிந்தது. அமெரிக்கக் காங்கிரசின் எதிர்ப்பால் 1963இல் இந்தியா அக்கோரிக்கையைத் திரும்பப் பெற, சோவியத் ஒன்றியம் அவ்விடத்தை நிரப்பியது.

சோவியத் தரப்பிற்கும் தேவை இருந்தது. 1955 பிப்ரவரியில் பிலாய் உருக்காலை ஒப்பந்தம், அவ்வாண்டின் இறுதியில் குருசேவ், புல்கானின் ஆகியோரின் இந்தியப் பயணம் என்று தொடங்கிய உறவிற்கு அடுத்த படி வேண்டியிருந்தது. 1957 நவம்பரில் 50 கோடி ரூபிள் கடனுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. இராஞ்சியின் கனரகப் பொறி ஆலை, நிலக்கரிச் சுரங்கக் கருவி ஆலை, ஒளியியல் கண்ணாடித் தொழிற்சாலை, கோர்பா நிலக்கரி வயல் ஆகியவற்றோடு நெய்வேலி அனல் மின்நிலையமும் அதில் இடம்பெற்றது. வட்டி 2.5 விழுக்காடு, திருப்பிச் செலுத்தும் காலம் 12 ஆண்டுகள். பொறிகளைச் சோவியத் நாட்டின் தெக்னோபுரோம்எக்ஸ்போர்ட் அமைப்பு வழங்கியது.

வட்டி வீதத்தைவிட முக்கியமானது திருப்பிச் செலுத்தும் முறை. இந்தியா ரூபாயில் செலுத்தலாம். சோவியத் ஒன்றியம் அந்த ரூபாயைக் கொண்டு தேயிலை, சணல், தோல், முந்திரி போன்ற இந்தியப் பொருள்களை வாங்கிக்கொள்ளும். டாலர் இல்லாத நாட்டிற்கு இது கடன் மட்டுமன்று, ஏற்றுமதிச் சந்தையும்கூட. நெய்வேலியில் ஒரு சுழலி நிறுவப்பட்டதற்கான விலை, ஆம்பூர், வாணியம்பாடியில் பதனிட்ட தோல் போன்ற பண்டங்களின் வழி செலுத்தப்படக்கூடிய ஒரு கணக்கு முறை இது. தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் இத்தகைய கணக்கேடுகளைப் பொறிகளின் வரைபடங்களுக்கு இணையாகப் படிக்க வேண்டும்.

சுரங்கத்தின் நிலை வேறு. பல்வாளிச் சக்கரம் சுழன்று மண்ணை வெட்ட, வெட்டிய மண் இரப்பர்க் கடத்துபட்டையில் ஓட, மறுமுனையில் மண்பரப்பி அதனைக் கொட்ட, நிற்காமல் நடைபெறும் திறந்தவெளிச் சுரங்க முறை ஜெர்மனியின் ரைன், லௌசிட்சு நிலக்கரி வயல்களில் முதிர்ந்தது. நெய்வேலியில் பக்கெட் வீல் என்றே தொழிலாளர் வழங்கும் அப்பொறி ஜெர்மானியப் பொறியியலின் தனிச்செல்வம். ஜெர்மனி அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. உலகில் மிகுதியாகப் பழுப்பு நிலக்கரி வெட்டிய நாடு கிழக்கு ஜெர்மனிதான். ஆனால் அதனுடன் தூதரக உறவு கொள்ளும் நாட்டோடு தன் உறவை முறித்துக்கொள்வது என்பது 1955இலிருந்து மேற்கு ஜெர்மனியின் ஹால்ஸ்டீன் கொள்கை. ரூர்கேலா உருக்காலையில் மேற்கு ஜெர்மனியோடு கைகோத்திருந்த இந்தியா, கிழக்கு ஜெர்மனியோடு வணிக உறவை மட்டுமே வைத்துக்கொண்டது. முழுத் தூதரக உறவு 1972இல்தான் ஏற்பட்டது. நெய்வேலியின் அகழ்பொறிகள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றின் விலை மார்க்கில் மதிப்பிடப்பட்டது. கடனாகப் பெற்றாலும் திருப்பிச் செலுத்துவதற்கு மாற்றத்தக்க நாணயம் வேண்டும்.

ஆக, ஒரே பொறியமைப்பின் எரிக்கும் பாதி ரூபாயிலும் வெட்டும் பாதி மார்க்கிலும் வாங்கப்பட்டன.

மின்நிலையம் முந்தியது

1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் முதன்முதலாக வெளிப்பட்டது. 1962 மே மாதத்தில் 50 மெகாவாட் திறனுள்ள முதல் அலகு இயங்கத் தொடங்கியது. முதலில் திட்டமிட்ட மின்திறன் 250 மெகாவாட். அது 400 ஆக உயர்ந்து, பின்னர் 600 ஆயிற்று. 1959 செப்டம்பரில் மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்காகச் சோவியத் ஒன்றியம் அறிவித்த 150 கோடி ரூபிள் கடன் போன்றவை இவ்வாறான விரிவாக்கங்களுக்கு இடமளித்தன. 50 மெகாவாட் அலகுகள் ஆறும் 100 மெகாவாட் அலகுகள் மூன்றுமாக, 1970 செப்டம்பரில் முதல் அனல் மின்நிலையம் நிறைவுற்றது.

சுரங்கமோ ஆண்டுக்கு 35 இலட்சம் டன் என்னும் அளவில் அமைக்கப்பட்டது. அந்த நிலக்கரியை மின்நிலையம் மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை. யூரியா உர ஆலையும், நிலக்கரியை அச்சுக்கட்டியாக்கி லீகோ என்னும் புகையில்லா எரிபொருள் செய்யும் ஆலையும் ஒருங்கிணைந்த திட்டத்தின் பகுதிகளாக 1960களின் நடுவில் இயங்கத் தொடங்கின. 600 மெகாவாட்டிற்கு ஈடு கொடுக்கும்படி சுரங்கத்தின் திறன் 65 இலட்சம் டன்னாக உயர்த்தப்பட்டது 1978இல். மின்நிலையம் முழு உருவம் பெற்றதற்கும் சுரங்கம் அதற்கேற்ற உருவம் பெற்றதற்கும் இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்.

இவ்விடைவெளிக்குக் கடன் முறையே முழுக் காரணம் என்று கூறுவது பிழையாகும். நிலத்தடியில் இருந்த தடைகள் அடுத்த பகுதியில் சொல்லப்படும். ஆயினும் எளிய கடன் கிடைத்த பாதி விரைந்து வளர்ந்தது, அரிய நாணயம் கேட்ட பாதி பின்தங்கியது என்பதில் ஐயமில்லை. கொதிகலனும் சுரங்கமும் ஒரே பொருள் என்ற பொறியியல் உண்மையை நாணயங்களின் வேறுபாடு பிளந்துவிட்டது. பங்காளி நாடு எதுவும் இதற்குப் பொறுப்பேற்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. மாஸ்கோவின் ஒப்பந்தம் மின்நிலையத்தோடு முடிந்தது. ஜெர்மானிய நிறுவனங்களின் கடமை அகழ்பொறியோடு முடிந்தது. இடையிலிருந்த கடத்துபட்டை, அரசியல் பொருளில், நெய்வேலிக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது.

பற்றாக்குறையின் சுமை யார்மேல் விழுந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. நெய்வேலி உர ஆலை, நிலக்கரியை வாயுவாக்கும் ஜெர்மானிய விங்க்ளர் முறையில் தொடங்கியது. (அம்முறை முதன்முதலாகத் தொழில் அளவில் இயங்கிய லாய்னா, அப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்தது என்பது வரலாற்றின் சிறு குறும்பு.) பின்னர் அவ்வாலை எண்ணெயை மூலப்பொருளாகக் கொள்ளும்படி மாற்றப்பட்டது. உள்ளூர் நிலக்கரியிலிருந்து உரம் என்பதே அதன் பிறப்புக்குக் காரணமாயிருந்த நிலையில், இம்மாற்றம் திட்டத்தின் ஒருங்கிணைப்பு தளர்ந்ததன் அடையாளமாகும். உர ஆலையும் லீகோ ஆலையும் 2000களின் தொடக்கத்தில் மூடப்பட்டன.

பொருந்தாத இடத்தில் நிகழ்ந்த கற்றல்

பல்வாளிச் சக்கரப் பொறி, ரைன் பகுதியின் தளர்ந்த மணலையும் களிமண்ணையும் வெட்டுவதற்காக வளர்ந்தது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை. அதில் உள்ள குவார்ட்சு மணிகள் வாளிகளின் பற்களை அரத்தால் அராவுவது போலத் தேய்த்தன. ஜெர்மனியில் நெடுங்காலம் தாங்கிய பற்கள் இங்கே விரைவில் மழுங்கின. சக்கரத்தின் மீது விழுந்த அதிர்ச்சி பொறியின் எஃகுச் சட்டகத்தையே பாதித்தது. ஒரு டன் நிலக்கரியை எடுக்க 5 முதல் 6 கன மீட்டர் வரை மேல்மண்ணை அகற்ற வேண்டிய சுரங்கத்தில் இது சிறு இடர் அன்று. சுரங்கத்தின் வேகம் முழுவதும் மேல்மண்ணை வெட்டும் வேகத்தையே சார்ந்தது.

இதற்கான தீர்வு இரு வகையில் உருவானது. கடினமான மணற்பாறையில் துளையிட்டு, வெடிவைத்துத் தளர்த்தியபின் சக்கரத்தை ஓட்டுவது ஒன்று. ரைன் சுரங்கங்களில் வேண்டப்படாத அந்த வேலை நெய்வேலியில் அன்றாட நடைமுறையாயிற்று. பற்களின் உலோகக் கலவையையும் மேற்பூச்சுப் பற்றவைப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்து, தேய்மானத்தைத் தாங்கும் பற்களை அமைத்துக்கொள்வது மற்றொன்று. பொறியை விற்ற நாட்டின் கையேட்டில் இவற்றிற்கு விடை முழுமையாக இல்லை. சுரங்கத்தின் பணிமனைகளில் விடை தேடப்பட்டது.

நிலத்தடி நீரின் இடர் இதைவிடப் பெரிது. நிலக்கரிப் படிவத்தின் கீழே அழுத்தத்தோடு கூடிய நீர்த்தாங்கி ஒன்று பரந்து கிடக்கிறது. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால் நிலக்கரிப் படிவத்தையே பிளந்துகொண்டு நீர் பீறிட்டெழும். 1934இல் கிணற்றில் நீரோடு நிலக்கரித் துகளை வெளியே தள்ளிய அந்த அழுத்தமே சுரங்கத்தை மூழ்கடிக்கவும் வல்லதாயிருந்தது. சுரங்கத்தைச் சுற்றிலும் உள்ளும் ஆழ்குழாய்க் கிணறுகளை இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து, அழுத்தத்தைப் பாதுகாப்பான அளவில் வைத்திருப்பதே வழி. 1950களில் வெளிநாட்டு வல்லுநர்களின் துணையோடு இறைப்புச் சோதனைகள் நடத்தப்பட்டன. ஆனால் ஒவ்வொரு நாளும் சுரங்கமுகம் நகர நகர, எந்தக் கிணற்றை நிறுத்துவது, எங்கே புதிதாக இறக்குவது என்ற கணிப்பு நெய்வேலியின் நிலத்தடி நீர்ப் பொறியாளர்களின் நீண்ட காலத் தேர்ச்சியாக வளர்ந்தது. இறைத்த நீர் அனல் மின்நிலையங்களுக்கும் நகரியத்திற்கும் பயன்பட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டம் பற்றிய உழவர்களின் முறையீடு மறுபுறம் தொடர்ந்து வருகிறது. இரு நாடுகளின் உடன்படிக்கையில் மூன்றாம் தரப்பாகிய நிலம் கொடுத்த சிற்றூர்களுக்குக் கையெழுத்திடும் இடம் இல்லை. கடலூர் மாவட்டத்தில் நிலம் கையகப்படுத்துதல் இன்றளவும் கொந்தளிப்பை எழுப்பும் பொருளாக உள்ளது. 2023 சூலையில் வளையமாதேவியில் நின்ற பயிரின் நடுவே கால்வாய்ப் பணி தொடங்கியபோது எழுந்த எதிர்ப்பு அதற்குச் சான்று.

சோவியத் மின்நிலையத்தில் கற்றலின் தன்மை வேறாக இருந்தது. கொதிகலன், சுழலி, மின்னாக்கி, கட்டுப்பாட்டுக் கருவிகள் யாவும் ஒரே தரப்பின் வடிவமைப்பில் முழுத் தொகுதியாக வந்தன. சோவியத் வல்லுநர்கள் உடனிருந்தனர். பொருந்தி வந்த பொறி இயக்குநரை உருவாக்கும், வடிவமைப்பாளரை உருவாக்குவது அரிது. நெய்வேலியின் முதல் மின்நிலையத்தைக் கண்டு இந்தியா கொதிகலன் செய்யக் கற்றது என்று கூறுவதற்கில்லை. அந்தக் கற்றல் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1960களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. பாரத மிகுமின் நிறுவனத்தின் அவ்வாலையைச் சுற்றிச் சிறு பற்றவைப்புத் தொழிலகங்கள் பெருகின. பின்னர் நெய்வேலியின் புதிய நிலையங்களுக்கு அந்நிறுவனம் பொறிகள் வழங்கியது. வாங்கி இயக்கிய இடமும் செய்யக் கற்ற இடமும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தன. அவற்றிற்குப் பங்காளி நாடுகளும் வேறு.

பங்காளி மறைந்த பின்

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. மின்நிலையத்தைக் கட்டிய அரசு இல்லை. அதன் பொறி ஆலைகள் வெவ்வேறு நாடுகளில் சிதறின. கடனின் அடிப்படையாயிருந்த ரூபாய்-ரூபிள் வணிகமுறை நின்றது. எஞ்சிய கடனைத் தீர்க்கும் முறை 1993 சனவரியில் இரசிய அதிபர் யெல்ட்சினின் தில்லிப் பயணத்தின்போது வகுக்கப்பட்டது. கூட்டுறவு என்பதைப் பங்காளியின் அருகிருப்பாகப் பொருள்கொண்டால், நெய்வேலியின் முதல் அனல் மின்நிலையம் அன்றே முடங்கியிருக்க வேண்டும்.

அது முடங்கவில்லை. 2020 செப்டம்பர் இறுதியில் அதன் கடைசி அலகுகள் நிறுத்தப்படும் வரை, தன்னைப் படைத்த அரசு மறைந்து 28 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கியது. வடிவமைப்பைக் கற்றுத் தராத கூட்டுறவு, பேணுதலைக் கற்றுத் தந்தது என்பதற்கு இது வலிமையான சான்று. உதிரிப் பாகங்களைத் தாமே செய்துகொள்வது, தேய்ந்த குழாய்களை மாற்றுவது, காலாவதியான கருவிகளுக்கு மாற்று காண்பது ஆகிய திறன்கள் எந்த ஒப்பந்தத்திலும் தனிப் பிரிவாக எழுதப்பட்டவை அல்ல. மேற்பார்வையாளர்களும் பற்றவைப்பாளர்களும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியவை. எனினும் பழைய நிலையத்தைக் காலம் கடந்தும் ஓட்ட நேர்ந்தது, மாற்று நிலையம் உரிய காலத்தில் வராமையின் விளைவும் ஆகும். பேணும் திறனை மட்டும் போற்றி அத்தாமதத்தை மறைப்பது நேர்மையன்று. பழைய நிலையத்திற்கு மாற்றாக எழுந்த 1000 மெகாவாட் புதிய அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2019இன் இறுதியில்தான் உற்பத்திக்கு வந்தது.

உள்நாட்டுத் தொழில்நுட்பம் மட்டுமே பொருத்தச் சிக்கலைத் தீர்த்துவிடாது என்பதையும் நெய்வேலி காட்டியுள்ளது. இரண்டாம் அனல் மின்நிலைய விரிவாக்கத்தில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு, சுழல்படுகை எரிப்பு முறையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன்களோடு அமைந்தன. அந்த அளவில் பழுப்பு நிலக்கரிக்கு இந்தியாவில் அதுவரை பழகாத முறை அது. பல ஆண்டுகள் தாமதத்திற்குப் பின் 2015இல்தான் அவை வணிக உற்பத்தி நிலையை எட்டின. எரிபொருளுக்கும் கொதிகலனுக்கும் இடையிலான இணைப்பு, விற்பவர் இந்தியராயினும் அயலாராயினும், அதே கடுமையோடு நின்றது.

எரிபொருள் யார் கையில்

தமிழகத்தின் மற்றொரு பெரும் கூட்டுறவுத் திட்டமாகிய கூடங்குளத்தோடு ஒப்பிடும்போது நெய்வேலியின் தனித்தன்மை தெளிவாகும். 1988 நவம்பர் 20ஆம் நாள் இராஜீவ் காந்தி, கோர்பச்சேவ் காலத்தில் கூடங்குள உடன்படிக்கை கையெழுத்தானது. சோவியத் ஒன்றியம் கலைந்ததால் அது உறங்கியது. 1998இல் இரசியாவுடன் துணை உடன்படிக்கை ஏற்பட்டு, முதல் அலகு 2014 டிசம்பர் 31 அன்று வணிக உற்பத்தியைத் தொடங்கியது. கையெழுத்திற்கும் உற்பத்திக்கும் இடையில் 26 ஆண்டுகள். அங்கே உலையும் இரசியாவினுடையது, அதன் எரிபொருளும் இரசியாவிலிருந்து வருவது. இணைப்புப் புள்ளி முழுவதும் பங்காளியின் கையில் உள்ளது. ஆகவே பொருத்தச் சிக்கல் குறைவு, சார்பு மிகுதி. நெய்வேலியில் எரிபொருள் நம் காலடியில் இருந்தது. பொருத்தச் சிக்கல் மிகுதி, சார்பு குறைவு.

தாராப்பூரின் அனுபவம் இவ்வேறுபாட்டின் எடையைக் காட்டும். 1963இல் அமெரிக்காவுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அணு உலைகளும் அவற்றிற்கான செறிவூட்டிய யுரேனியமும் வந்தன. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் எரிபொருள் வழங்கலில் சிக்கல் தோன்றி, 1982இல் பிரான்சை நாட வேண்டியதாயிற்று. உலை இந்திய மண்ணிலேயே இருந்தது. அதனை நிறுத்தும் சாவி வாஷிங்டனில் இருந்தது. 1971 ஆகஸ்டில் இந்திய-சோவியத் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானபோதும், அதற்குமுன் மேற்கு ஜெர்மனியோடு உறவு சற்றே ஏறி இறங்கியபோதும், நெய்வேலியின் எரிபொருளை எவரும் நிறுத்தியிருக்க முடியாது.

2023 சனவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் முதன்மையான, வளர்ந்துவரும் தொழில்நுட்பங்களுக்கான முன்னெடுப்பைத் தொடங்கின. போர் வானூர்திக்கான எஃப்-414 இயந்திரத்தை இந்தியாவில் செய்வதற்கான புரிந்துணர்வும் அவ்வாண்டு சூனில் ஏற்பட்டது. இவற்றைப் பற்றிய விவாதங்களில் எத்தனை விழுக்காடு தொழில்நுட்பம் கைமாறும் என்ற எண்ணே முன்னிற்கிறது. வானூர்தியின் உடல் ஒரு நாட்டு வடிவமைப்பு, இயந்திரம் மற்றொரு நாட்டினுடையது, படைக்கலன் மூன்றாம் நாட்டினுடையது என அமையும்போது, நெய்வேலியின் கடத்துபட்டைக்கு நிகரான இடம் எது, அங்கே தோன்றும் பொருத்தமின்மையைத் தீர்க்கும் உரிமையும் வரைபடங்களும் யாரிடம் இருக்கும், அப்பணிக்கான செலவு எந்த நாணயத்தில் எழுதப்படும் என்னும் வினாக்கள் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கைகளுக்குள் ஒதுங்கிவிடுகின்றன. கடலூர் மணற்பாறையில் மழுங்கிய வாளிப் பற்களை மாற்றி அமைக்க அன்று எவருடைய உரிமமும் வேண்டியிருக்கவில்லை. மூடிய மென்பொருளும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் சூழ்ந்த இன்றைய பொறியில் அதே திருத்தத்தைச் செய்வதற்கு விற்ற நாட்டின் இசைவு வேண்டியிருக்கும்.